ஒருசாலை மாணாக்கர் யார்?

கடந்த சில ஆண்டுகளாக நம்மிடையே ஒரு புதிய எழுத்துவகை செழித்து வருகிறது. பள்ளி இறுதி வகுப்பை முடித்து இருபத்தைந்து ஆண்டுகளோ நாற்பது ஆண்டுகளோ ஆன ஆண்கள் பழைய பள்ளியில் கூடி விழா எடுக்கிறார்கள். ஒரே நிறத்தில் டி-சட்டை அணிகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பள்ளிக்கு ஒரு குடிநீர்த் தொட்டியோ நான்கு மின்விசிறிகளோ வாங்கித் தருகிறார்கள். வழவழப்பான தாளில் ஒரு மலரும் வெளியாகிறது. அம்மலரில், நம் சிற்றிதழ்களில் எழுதும் யாரேனும் ஒருவர் நினைவுக் கட்டுரை எழுதியிருப்பார். சில மாதங்களில் அதுவே ஏதேனும் ஓர் இதழிலும் வந்துவிடும். ஒன்றைப் படித்தவர் எல்லாவற்றையும் படித்தவராவார். வேப்பமரம், பிரம்பு, கணக்கு வாத்தியார், வாடகை சைக்கிள், வாசலில் நெல்லிக்காய் விற்ற பாட்டி. கடைசியில், 'நாங்கள் எல்லோரும் ஒன்றாக வளர்ந்தோம்' என்ற முத்தாய்ப்பு.

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு.

ஒன்றாக இருந்தார்கள் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒரே கூரை, ஒரே மணி, ஒரே பிரம்பு. ஆனால் ஒன்றாக வளர்தல் என்பது வேறு. ஒருவனுடைய வளர்ச்சியில் இன்னொருவனுக்குப் பங்கிருந்தால்தான் அது கூட்டு வளர்ச்சி. ஒரே பேருந்தில் பயணம் செய்தவர்கள் எல்லோரும் ஒரே ஊருக்குப் போனதாகச் சொல்லிவிட முடியாது. பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர்களை மறந்துவிட்டு எழுதினால் அது நினைவுக் கட்டுரையாகாது.

தமிழில் இதற்கு ஓர் அளவுகோல் இல்லாமலில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் இயல்பு பேசப்படுகிறது. அங்கே கல்வி நான்கு பங்காகக் கூறிடப்படுகிறது. ஆசிரியர் சொல்வதைப் பழுதறக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவது. உரையாசிரியர்கள் இந்த அரைப் பங்கைப் பாடம் சொல்லும் நிலைக்கு உரியதாகக் கொள்வர். பள்ளிச் சிறுவனுக்கு அந்நிலை வாய்ப்பது தேர்வுக்கு முந்தைய இரவில், புரியாத ஒருவன் புத்தகத்தோடு வந்து எதிரில் உட்காரும்போதுதான்.

இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் முதலாவதாக வந்தவனின் கல்வியில் முக்கால் பங்கு ஆசிரியரிடமிருந்து வந்ததன்று; உடனிருந்தவர்களிடமிருந்து வந்தது. அதிலும் பெரும்பங்கான பாதி, அவனிடம் ஐயம் கேட்டவனால் வந்தது. கேட்டவன் யார்? பெரும்பாலும் தேறாமல் போனவன். 'இது எப்படி வந்தது?' என்று அவன் மூன்றாம் முறையும் கேட்டதனால்தான் சொன்னவனுக்குப் பாடம் துலங்கிற்று. ஆக, தேறியவன் தேறாதவனுக்குக் கடன்பட்டிருக்கிறான். நம் மலர்களில் இந்தக் கடன் எழுதப்பட்டு நான் கண்டதில்லை. அங்கே தேறாதவன் வந்தால் கோமாளியாக வருகிறான். அல்லது, 'இப்போது எங்கே இருக்கிறானோ' என்ற ஒற்றைப் பெருமூச்சில் முடிந்துபோகிறான்.

அவன் எங்கே போனான் என்பது அப்படியொன்றும் மர்மமில்லை. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது, கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பின் இடத்தைப் பள்ளிக்குள்ளேயே இரண்டாண்டுப் படிப்பு பிடித்துக்கொண்டது. அதனால் பத்தாம் வகுப்புத் தேர்வு பள்ளிக்கு நடுவே ஒரு சல்லடையாயிற்று. அதில் நின்றவர்கள் மதிப்பெண்படி முதல் குரூப், கடைசி குரூப், தொழிற்பிரிவு என்று பிரிந்தார்கள், விழுந்தவர்கள் தனித்தேர்வர்களானார்கள். சல்லடைக்கு முன்பே விழுந்தவர்களும் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டை நூறாக்கிக் காட்ட விரும்பும் பள்ளிகள், மெலிந்த மாணவனின் தகப்பனாரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை அறியாத ஆசிரியர் இந்நாட்டில் இல்லை. இறுதியாண்டுக் குழுப்படத்தில் நிற்பவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் மிச்சம். மிச்சம் தன்னை 'நாங்கள் எல்லோரும்' என்று அழைத்துக்கொள்கிறது.

ஒரு முறை ஒரு வகுப்பு முழுவதும் ஒன்றாகக் கரையேறியது. பெருந்தொற்றின் காரணமாக 2021இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீடுகளுக்கு 30 என்ற விழுக்காட்டில் மதிப்பெண் கணக்கிட்டு எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். நம் சமூகம் அவர்களை எப்படி வரவேற்றது? 'ஆல் பாஸ் கோஷ்டி' என்று. யாரும் விழவில்லை என்பதே இழிவாயிற்று. ஒன்றாக வளர்வதை உண்மையில் விரும்புகிற சமூகம் அந்தப் பிள்ளைகள் உடனிருந்து படிக்க முடியாமற் போனதற்கல்லவா வருந்தியிருக்க வேண்டும்? நாம் வருந்தியது சல்லடை ஓராண்டு ஓய்வெடுத்ததற்கு. மாநில, மாவட்ட அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. ஆயினும் பள்ளி வாசலில் தொங்கும் விளம்பரப் பதாகையில் இன்றும் நான்கு முகங்களே சிரிக்கின்றன.

இவையெல்லாம் கல்வித்துறையின் குற்றங்கள், நினைவெழுதுகிறவனை ஏன் சாடுகிறாய் என்று கேட்கலாம். சாடுவதற்குக் காரணமிருக்கிறது. ஆண்கள் பள்ளியின் 'தோழமை' என்று நாம் உருகி எழுதுவது, அந்தத் தோழமை எதன்மேல் நின்றது என்பதைப் பார்க்காமலிருக்க உதவும் திரையாகிவிட்டது. பட்டப்பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மலர்களில் அவை பக்கம் பக்கமாக, சிரிப்போடு பட்டியலிடப்படுகின்றன. ஒருவனுடைய நிறம், ஒருவனுடைய திக்குவாய், ஒருவனுடைய தகப்பன் செய்த தொழில், ஒருவனுடைய நடையில் இருந்த நளினம். நாற்பது வயதில் அப்பெயரைச் சொல்லி அழைப்பவனுக்குக் கண்ணீர் மல்குகிறது. அழைக்கப்படுகிறவன் விழாவுக்கே வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று எந்தக் கட்டுரையும் கேட்பதில்லை. அழாமல் அடி வாங்குவதும், அழுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதும் ஆண்மை என்று அங்கே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். அதுவும் கூட்டு வளர்ச்சிதான். ஆனால் எத்திசையில்?

சேர்ந்திருத்தல் தானாகவே சேர்த்துவிடாது என்பதற்கு நூறாண்டுச் சான்று நம்மிடம் உண்டு. 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலம் தேசியக் கல்வி என்னும் உயர்ந்த கனவோடு எழுந்தது. பையன்கள் ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகப் படித்தார்கள். உண்ணும்போது மட்டும் பிராமணச் சிறுவர்களுக்குத் தனி இடம். வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராவும் அதை எதிர்த்தார்கள். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய பூசல்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. ஐயரின் தியாகத்தையோ, தமிழ்ச் சிறுகதைக்கு அவர் செய்ததையோ யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்குருகுலத்து மாணவர் இருவர், ஒருவர் உள்ளே உண்டவர், ஒருவர் வெளியே உண்டவர், நாற்பதாண்டு கழித்து நினைவு எழுதியிருந்தால் இரண்டும் ஒரே கட்டுரையாக இருந்திருக்குமா? உள்ளே உண்டவர் 'நாங்கள் எல்லோரும்' என்று எளிதாக எழுதியிருப்பார். அந்தச் சொல்லை எழுதுவதற்குமுன் வெளியே உண்டவரின் எழுதுகோல் ஒரு கணம் நின்றிருக்கும்.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், வகுப்பில் மாணவர்களை அகரவரிசையில் அமர வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளுள் சில. கடைசிப் பரிந்துரையை எண்ணிப் பாருங்கள். அகரவரிசை தெரிந்த பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் இத்தனை காலமும் அவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்? 'நானும் அவனும் ஒரே பெஞ்ச்' என்று எழுதுகிறவர்கள், அந்தப் பெஞ்சில் யார் உட்காரவில்லை என்பதையும் எழுதட்டும்.

'நினைவு என்பது கனிவு, அதில் கணக்குக் கேட்பது கொடுமை' என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்கோடு கூடிய கனிவு நம் மொழியிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் எண்பதுகளில் எழுதிய 'என் சரித்திரம்' ஒரு மாணவனின் கதை. 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்ட பகுதியில் உடன் பயின்றவர்கள் பெயரோடும் இயல்போடும் வருகிறார்கள். சைவமடத்தின் சூழலில் கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை உடனிருந்து ஆசிரியரைப் பேணியதை அவர் மறக்கவில்லை. யார் எங்கே உண்டார் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. அக்காலத்து வழக்கங்களை அவர் எதிர்த்து எழுதினார் என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் அவற்றைத் திரையிட்டு மூடவில்லை. நம் காலத்து நவீன எழுத்தாளனுக்கு அந்தப் பழைய பண்டிதரின் நேர்மையில் பாதியேனும் வேண்டாமா?

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யையும் இங்கே சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கும் பண்ணையச் சிறுவர்களின் உலகம் அது. பள்ளிக்கே வராத அந்தப் பிள்ளைகளுக்குள் பகிர்தலும் கற்பித்தலும் காவலும் இருந்ததை அந்நாவலைப் படித்தவர் அறிவர். நம் மலர்க் கட்டுரையாளர் அந்நாவலைப் புகழ்ந்து மதிப்புரையும் எழுதியிருப்பார். தம்மோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்து, எட்டாம் வகுப்பில் ஆட்டுக்கோ தறிக்கோ போனவனைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதமாட்டார். புனைவில் வருகிறவனுக்கு இரங்குவது எளிது. அவன் நம்மிடம் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை.

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் சேர்க்கைப் பதிவேடு உண்டு. அது அழிக்கப்படாமல் காக்கப்படும் ஆவணம். அடுத்த வெள்ளிவிழாவுக்குப் பணம் திரட்டுமுன், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். உங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டு யார் நின்றார்கள் என்று எண்ணுங்கள். மின்விசிறி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை அவர்களைத் தேடிப்போகும் பேருந்துக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். போய், விழாவுக்கு அழைக்காதீர்கள், முதலில் கேளுங்கள். 'ஒன்றாக வளர்ந்தோம்' என்ற வாக்கியத்தை அவர்கள் முன்னால் சொல்ல வாய் வருகிறதா என்று பாருங்கள்.

நன்னூலிலேயே இன்னொரு விதியும் உண்டு. ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதும் உரிமை அதன் ஆசிரியனுக்கு இல்லை. அவனுடைய ஆசானுக்கு உண்டு, உடன் கற்றவனுக்கு உண்டு, மாணாக்கனுக்கு உண்டு, உரைகாரனுக்கு உண்டு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கர் என்றே மரபு சொல்கிறது. வென்றவர்கள் தங்கள் வகுப்பின் நூலைத் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். பாயிரத்தை மட்டும் பத்தாம் வகுப்பில் தேறாதவனிடம் விட்டுவிடுங்கள். அவன் மறுத்தால், அந்தப் பக்கத்தை வெறுமையாகவே அச்சிடுங்கள்.