விரிவாக்கம் என்னும் தவறான பெயர்

ஜாவா கற்பிக்கும் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் ஓர் அம்புக்குறிப் படம் வரையப்படுகிறது. பைட், ஷார்ட், இன்ட், லாங், ஃப்ளோட், டபுள் என்று அம்புகள் வலப்புறம் செல்லும். அத்திசையில் செல்வது ‘விரிவாக்க இனமாற்றம்’. அது பாதுகாப்பானது, தானாகவே நிகழும். இடப்புறம் திரும்புவது ‘குறுக்க இனமாற்றம்’. அதற்கு மட்டும் நிரலாளர் வெளிப்படையாக எழுதித் தர வேண்டும். மாணவர் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறார். இப்படம் தவறானதைக் கற்பிக்கிறது என்பதே என் வாதம்.

லாங் 64 பிட் அகலமுள்ளது. ஃப்ளோட் 32 பிட்டே உடையது. அறுபத்து நான்கை முப்பத்திரண்டில் அடைப்பதற்கு எவ்வகையில் ‘விரிவாக்கம்’ என்று பெயர் தகும்? விரிவது எண்ணின் எல்லை மட்டுமே, துல்லியமோ சுருங்குகிறது. ஃப்ளோட்டின் துல்லியம் 24 பிட். 1,67,77,217 என்னும் இன்ட் மதிப்பை அதில் இட்டால் 1,67,77,216 ஆகிவிடும். டபுளின் துல்லியம் 53 பிட். 9007199254740992-ஐக் கடந்தபின் எல்லா முழு எண்களையும் அதனால் தனித்தனியே குறிக்க இயலாது. ஜாவாவின் மொழி வரையறையே இவ்விழப்பை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் நிரல்பெயர்ப்பி அம்மாற்றத்தை வாய்மூடி அனுமதிக்கிறது.

மொழியியல் ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். பெங்களூரு நீலசந்திராவில் தமிழ்க் குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்துவருகிறேன். ஒரே வீட்டில் பாட்டியும் தாயும் பேத்தியும் தமிழையும் கன்னடத்தையும் எப்படிக் கலந்து பேசுகின்றனர் என்பதே ஆய்வு. ஒவ்வொரு பேச்சாளருக்கும் 17 இலக்க அடையாள எண் தந்தேன்: தேதிக்கு எட்டு இலக்கம், தெருவுக்கு மூன்று, வீட்டுக்கு நான்கு, ஆளுக்கு இரண்டு. நிரலில் அது லாங். எல்லா எண் விவரங்களையும் ஏற்கும்படி நான் எழுதிய பொது இனக்குழு ஒன்றில் உறுப்புகள் யாவும் டபுள். ‘எல்லாவற்றுக்கும் டபுள் போட்டால் தொல்லையில்லை’ என்பது நான் கற்ற பாடம்.

2023-இல் தொடங்கும் 17 இலக்க எண்களை டபுள் நான்கின் மடங்குகளாக மட்டுமே வைத்துக்கொள்ளும். எனவே ஒரு வீட்டின் 03, 04, 05 ஆகிய மூவரும் 04 ஆயினர். வீட்டெண் ஒற்றைப்படையாயின் 02-உம் அவர்களோடு சேர்ந்தார். பாட்டியும் தாயும் பேத்தியும் ஒரே வாயாக மாறினர். அதன் விளைவு எண்பிழையோடு நிற்கவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை மொழி மாறுகிறது என்று காட்டவேண்டிய தரவு, ஒரே மனிதர் சூழலுக்கேற்ப மொழி மாற்றிப் பேசுகிறார் என்று காட்டியது. முன்னது மொழி இழப்பு. பின்னது இருமொழித் திறன். இரண்டும் எதிரெதிரான முடிவுகள். கருத்தரங்கக் கட்டுரையை அனுப்பும் முன், ‘ஒருவருடைய’ பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்க நேர்ந்ததால் தப்பித்தேன்.

இனமாற்றப் பிழைக்கு எடுத்துக்காட்டாக ஏரியான் 5 ஏவுகணையைச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். 1996 ஜூன் 4 அன்று 64 பிட் மிதப்புப் புள்ளி மதிப்பொன்று 16 பிட் முழு எண்ணில் அடங்காமல் போனது, ஏவுகணை சிதறியது. அது குறுக்க இனமாற்றம். பிழை பிழையென்றே அறிவிக்கப்பட்டது. என்னுடையது பாடநூல் பாதுகாப்பானது என்று சான்றளித்த மாற்றம்; எதுவும் சிதறவில்லை. அட்டவணை நேர்த்தியாக நிறைந்திருந்தது. ஆய்வுக்கு இரண்டாவதே கொடியது.

வெளிப்படையாக எழுதினால் போதும் என்பாரும் உளர். ஜாவாவில் லாங் வகைப் பொருள் ஒன்று 300 கோடியை வைத்திருக்க, அதனிடம் intValue() கேட்டால், பிழை எதுவும் எழுப்பாமல் -1,29,49,67,296 என்கிறது. ‘எண்ணே அல்ல’ என்னும் NaN மதிப்பை இன்ட்டாக மாற்றினால் சுழி கிடைக்கிறது. தேர்வுக்கு வராதவரும் சுழி மதிப்பெண் பெற்றவரும் ஒருவராகிவிடுகின்றனர். இதே மாற்றத்துக்குப் பைத்தான் பிழை எழுப்புகிறது. கோட்லின் லாங்கைத் தானாக டபுளாக்க மறுக்கிறது. ஜாவாவிலேயே 2014 முதல் Math.toIntExact இருக்கிறது. மாற்று வழிகள் உள்ளன. அவற்றைப் பாடத்திட்டத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறோம்.

‘அடையாள எண்ணைச் சரமாக வைத்திருக்க வேண்டியதுதானே, பிழை உன்னுடையது’ என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மை, பிழை என்னுடையதே. இரண்டைக் கூட்டினால் பொருள் தராத எதுவும் எண் அன்று, பெயர். தொலைபேசி எண்ணும் பதிவெண்ணும் இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். ஆனால் அந்த வேறுபாட்டை எந்த வகுப்பு கற்பித்தது? தரவினம் என்றால் எத்தனை பிட் என்று கேட்டோம். எதைக் குறிக்கிறது என்று கேட்கவில்லை.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் எளியது. அம்புக்குறிப் படத்தில் இன்ட்டிலிருந்து ஃப்ளோட்டுக்கும், லாங்கிலிருந்து ஃப்ளோட்டுக்கும் டபுளுக்கும் செல்லும் அம்புகளைச் சிவப்பில் வரையுங்கள். ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை அழித்துவிட்டு, எல்லை விரியும், துல்லியம் குறையலாம் என்று எழுதுங்கள். ஆய்வு மாணவர்களே, இன்றிரவே உங்கள் தரவில் இனமாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை தனித்த அடையாளங்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு மனிதர் காணாமற்போயிருக்கிறார்.