தவணை தீர்ப்பாகாது

மார்பிலே ஒரு கட்டி. வைத்தியர் தொட்டுப் பார்த்தார்; படம் பிடித்தனர்; ஊசி ஏற்றிச் சிறிது திசுவும் எடுத்தனர். காத்திருந்து பெற்ற அறிக்கையோ புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, அன்று என்றும் சொல்லவில்லை. “ஆறு மாதத்தின் பின் வாருங்கள்” என்ற ஒரே வாக்கியத்தோடு அந்தத் தாய் பஸ் ஏறி வீடு திரும்புகிறாள். அந்த ஆறு மாதமும் அவள் எவ்வாறு உறங்குவாள்? இக்கேள்வியை நம்மவரிடையே எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. கூச்சம் ஒரு காரணம்; கலியாணத்துக்கு நிற்கும் பெண்பிள்ளை மற்றொரு காரணம். ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் தவறிப்போகும் என்று மறைக்கிறோம். மறைத்தமையால் கரைந்த கட்டி எங்கேனும் உண்டா?

அரசியல் ஏட்டிலே இப்பேச்சு எதற்கு என்பாரும் உளர். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. மக்களிற் பாதிப்பேரைத் தொடும் விடயம் அரசியல் அன்றெனில், வேறெது அரசியல்?

ஐயத்துக்குரிய அறிக்கை என்பது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். மெல்லிய ஊசியால் எடுத்த கலங்கள் போதாமையால் “சொல்ல முடியவில்லை” என எழுதுவது ஒன்று. கலங்கள் போதியனவாய் இருந்தும், அவற்றின் தோற்றம் வழமைக்கு மாறாய் இருப்பதால் “ஐயம்” என எழுதுவது வேறொன்று. முன்னது சாட்சி மன்றுக்கு வராத வழக்கு. பின்னது சாட்சி வந்தும் தடுமாறிய வழக்கு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி அஞ்சுவோரும் உளர். ஒன்றென்று எண்ணி அலட்சியம் செய்வோரும் உளர். தமது அறிக்கை இவற்றுள் எதுவென வைத்தியரைக் கேட்பது ஒவ்வொரு பெண்ணினதும் முதற் கடமை. முன்னதாயின் மீண்டும் எடுக்கலாம். தடித்த ஊசியால் திசுத்துண்டே எடுக்கலாம்.

படத்துக்கும் இவ்வாறே படிகள் உள. பல நாடுகளிலும் வழங்கும் முறைப்படி மார்பகப் படங்களை 0 முதல் 6 வரை வகுப்பர். 0 என்றால் படம் போதாது, இன்னும் பார்க்கவேண்டும் என்பதே பொருள். நோய் இல்லை என்பதன்று. 3 என்றால் புற்றுநோயாய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2க்கு மேற்படாது. ஆறு மாதத் தவணை பெரும்பாலும் இவ்வகுப்புக்கே உரியது. 4 என்பதோ நூற்றுக்கு 2க்கு மேலிருந்து 95 வரை நீளும் அகன்ற வெளி. அங்கே திசு எடுத்துப் பார்ப்பதே முறை. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. எக்ஸ் கதிர்ப் படத்திலே அத்திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. ஆகவேதான் அவர்களுக்குக் கேளா ஒலிப் படம் பெரிதும் உதவுகிறது. நெல்லைப் போலவே முளைத்துக் கதிர் தள்ளும்வரை இனங்காட்டாத களையை நம் கமக்காரர் அறிவர். நாள் கேட்கும் வைத்தியரை அவர்கள் அறியாதவர் என்று இகழமாட்டார்கள்.

ஆயினும் அந்த நாளைக் கடத்துவது எளிதன்று. எம் உறவினர் ஒருவர் நாளுக்குப் பத்துத் தரம் அக்கட்டியை அழுத்திப் பார்த்தார். நோவு மிகுந்ததேயன்றித் தெளிவு பிறக்கவில்லை. மாதவிடாய் கழிந்தபின் மாதத்தில் ஒரு நாள் பார்த்தாற் போதும் என்று தாதி ஒருவர் கூறிய பின்னரே அவருக்கு உறக்கம் வந்தது. கணவரோ, “ஒன்றுமில்லை, யோசியாதே” என்பதையே மருந்தாகக் கொடுத்துவந்தார். அச்சொல் ஆறுதல் போலத் தோன்றும். உண்மையில் அது, “இதைப் பற்றி என்னிடம் பேசாதே” என்ற கட்டளையே. ஒரு பரப்புக் காணிக்காகப் பங்குவழக்கிலே இருபது ஆண்டு தவணை பொறுக்கும் எம் ஆடவர், மனைவியின் அச்சத்தை இருபது நிமிடம் கேட்கப் பொறுமையற்றிருப்பது விந்தையே!

மறுபுறம், தவணையையே விடுதலை எனக் கொள்ளும் ஆபத்தும் உண்டு. நோவில்லாத கட்டி ஆபத்தற்றது என்பது தவறு. கட்டி வளர்ந்தால், தோல் குழிந்தால், முலைக்காம்பு உள்ளிழுத்தால், அதிலே குருதி கசிந்தால், அக்குளிலே கழலை தோன்றினால், ஆறு மாதம் காத்திராது உடனே செல்லவேண்டும். படம் ஒன்று சொல்ல ஊசி வேறொன்று சொன்னால், நல்ல வைத்தியர் மீண்டும் சோதிப்பார். சோதிக்காவிடின் ஏன் என்று கேட்பது அவமரியாதையன்று. ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற திண்ணைப் பேச்சுக்காக எவரும் சோதனையைத் தள்ளிப்போடல் ஆகாது. எண்ணெய் பூசிக் கரைக்க முயன்று இழந்த மாதங்களை எவராலும் மீட்டுத்தர இயலாது.

வைத்தியர்களிடமும் எமக்கு ஒரு வழக்குண்டு. 2015 இல் மொன்கொமரி என்ற வழக்கிலே, நோயாளி தன் முடிவுக்கு முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்துக்களையும் மாற்று வழிகளையும் அவர் அறியும்படி செய்வது வைத்தியரின் கடமை என ஐக்கிய இராச்சியத்து உயர் நீதிமன்றம் தீர்த்தது. அது நம் மன்றுகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் நியாயம் கடல் கடந்தும் நியாயமே. நம் வைத்தியசாலைகளில் நெருக்கடி மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கையில் ஒவ்வொருவர்க்கும் எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஆனால், அறிக்கை ஆங்கிலத்திலே வருகிறது. சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் ஒருபடியாகவே அதைக் கையில் ஏந்தி விழிக்கின்றனர். எது ஐயம், ஏன் ஐயம், எந்நாளில் வரவேண்டும், எது கண்டால் முந்தி வரவேண்டும் என்ற நான்கு வரியை அவளுடைய மொழியில் எழுதிக்கொடுக்க ஒரு துண்டுக் கடதாசி போதும்.

வழியும் இல்லாமலில்லை. 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளிலே மார்பகப் பரிசோதனையும் செய்யப்படுகிறது. வடக்கிலே தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. அறிக்கைகளையும் படங்களையும் காணி உறுதியைப் போலப் பெட்டியில் வைத்துப் பேணுங்கள். புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டாலன்றி மாற்றம் தெரியாது. தவணை நாளிலே அவளைத் தனியே பஸ்ஸில் அனுப்பாதீர்கள். அந்நாள் மாசி மாத அறுவடையில் விழுந்தால், வெட்டு மெசின்காரரை மறுநாள் வரச் சொல்லுங்கள்.