ஏழாம் டானுக்குப் பரீட்சை வைத்தது யார்?

கொத்மலைத் தோட்டமொன்றில், மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு கராத்தே பழகிக் கறுப்புப் பட்டி வாங்கும் பிள்ளையைப் பார்த்தால் பெருமைதான். ஆனால் கறுப்புப் பட்டியின் மேல்நிலைகளான ஆறாம் டான், ஏழாம் டான் என்று மாலை, பொன்னாடையோடு பத்திரிகையில் வரும் மாஸ்டர்மாரின் படங்களைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது: பரீட்சை வைத்தது யார்? டான் முறை கராத்தேக்கு ஜூடோவிலிருந்து வந்தது. கராத்தேயில் ஆசான் புனாகோஷி முதல் டான்களை வழங்கியது 1924இல். இன்றுவரை எல்லாப் பாணிக்கும் பொதுவான ஒரே பரீட்சைச் சபை கிடையாது; ஷொட்டோகானுக்கு ஒரு கணக்கு, கோஜு ரியூவுக்கு இன்னொன்று. ஒழுங்கான சங்கங்களில் மேலே போகப் போகக் காத்திருக்கும் வருடங்கள் கூடும். உயர் டான்கள் பல, நீண்டகாலம் பயிற்றுவித்த சேவைக்காகக் கொடுக்கப்படுபவை. அதில் தப்பே இல்லை, அப்படியென்று வாய்விட்டுச் சொன்னால். ஏனென்றால் இதற்கெல்லாம் பணம் கட்டுவது பெற்றோர். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. பட்டிப் பரீட்சைக் கட்டணம், சீருடை, கொழும்புக்கு பஸ் காசு எல்லாம் அந்தக் கொழுந்துக் காசில்தான். ஆகவே மாஸ்டர், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் எந்தச் சங்கம், எந்த ஆண்டு, பரீட்சகர் யார் என்று பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஜப்பானிய எழுத்தென்றால் தமிழில் ஒரு துண்டு எழுதி ஒட்டினாலும் போதும்.