ரெண்டு பேருக்கு என்ன பெரிய சமையல்?



மருந்தகத்துக்கு வரும் வயதான தாய்மார்களிடம், "நேற்று என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் இதுதான்: "ரெண்டு பேருக்கு என்னய்யா பெரிய சமையல்? இருந்ததைச் சாப்பிட்டோம்."

பிள்ளைகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் இவர்கள் இருவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுக் கோழி வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்து, அதையே செவ்வாய் வரைக்கும் சூடு காட்டிச் சாப்பிடுகிறார்கள். அதிலும் கறித் துண்டு ஐயாவுக்கு; அம்மாவுக்குக் குழம்பும் சோறும். கறி தீர்ந்த நாளில் ரொட்டி, பிஸ்கட், சீனி போட்ட தேநீர். விரலில் குத்திப் பார்த்தால் பல வீடுகளில் இருவருக்குமே சர்க்கரை ஏறியிருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019ல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, பத்தில் மூன்று பேர்! மாத்திரையை மாற்றுவது டாக்டர் வேலை. சட்டியை மாற்றுவது நம் வேலை. இரண்டு பேருக்குச் சமைப்பதும் சமையல்தான். அதை ஒழுங்காகச் செய்தால் அதுவே பாதி மருந்து என்பது என் கருத்து.

ஒரு வழி சொல்கிறேன். எலுமிச்சையும் பச்சிலையும் போட்ட கோழி, கூடவே சுட்ட மஞ்சள் பூசணி. வெள்ளைக்காரன் இதை அவனில் வைத்துச் செய்வான். நமக்குக் குவாலியும் தோசைக்கல்லும் போதும்.

இரண்டு தொடைத் துண்டு, சுமார் 300 கிராம். பழைய கணக்கில் அரைக் கட்டி. தோலை உரித்துவிடுங்கள், கொழுப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஒரு பெரிய எலுமிச்சம்பழச் சாற்றில் பாதி, மூன்று பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, தட்டிய செராய் ஒரு தண்டு, ஒரு பிடி கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மிளகு, சிட்டிகை மஞ்சள், கால் தேக்கரண்டி உப்பு. இவற்றைப் பிசறி, மூடி, அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். பிறகு குவாலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க விட்டு, அரைக் கோப்பை தண்ணீர் தெளித்து, மூடி, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வேக விடுங்கள். எலும்போரம் சிவப்புத் தெரியக் கூடாது. இறக்கியபின் மீதிச் சாறும் மல்லித் தழையும்.

பூசணியை விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் தடவி, மூடி போட்டு இரு பக்கமும் சுடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். அதற்காகத்தான் எலுமிச்சை. புளிப்பு இருந்தால் குறைந்த உப்பும் நாக்குக்குப் போதும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிச்சாப்பிலும் மசாலாக் கட்டியிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. அவற்றையும் ஊற்றினால் எலுமிச்சை பிழிந்தது வீண்.

"பூசணி இனிப்பாச்சே, சர்க்கரைக்காரர் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். அளவோடு தாராளமாகச் சாப்பிடலாம். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அதே அளவு பூசணியில் ஏழுக்கும் குறைவு. ஆனால் பூசணி வந்தால் சோறு குறைய வேண்டும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கோழி, பாதி காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு நல்ல கணக்கு. இரண்டு எச்சரிக்கை: சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பூசணி சாப்பிடுமுன் கேட்க வேண்டும், அதில் பொட்டாசியம் உண்டு.

இன்னொன்று. மூன்று நாள் குழம்பு வேண்டாம். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. மீந்தால் ஐஸ் பெட்டி. மறுநாள் ஒரே தடவை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். இரண்டு துண்டு மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

"ரெண்டு துண்டு கேட்டால் கடைக்காரர் சிரிப்பாரே!" என்று கூச்சப்பட வேண்டாம். 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கு உதவித் தொகையும் இல்லை, உச்ச விலையும் இல்லை. காசு நம்முடையது, அளவும் நம்முடையது.

லயத்துக் கொல்லையில் பூசணிக் கொடியும் செராயும் கறிவேப்பிலையும் சும்மா வளர்ந்த காலம் உண்டு. சீபீல்ட் தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயா நிற்கிறது. அடுக்குமாடிக்குப் போனவர்களுக்குக் கொல்லை இல்லை. ஆனாலும் செராய் ஒரு பழைய வாளியில் வளரும், வாசலில் வையுங்கள்.

கடைசியாக ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு துண்டு என்றால் ஆளுக்கு ஒரு துண்டு. "எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க" என்று அம்மா சொன்னால் நம்பிவிடாதீர்கள். வெட்டுக்காட்டில் அந்த அம்மாவும் உங்களோடு நின்று உழைத்தவர்தான். கூலியில் நியாயம் கேட்கும் நாம், சட்டியிலும் நியாயம் செய்ய வேண்டாமா?