சறுக்கும் கிளட்ச், மேயும் கிளட்ச்

போன வருஷம் மூன்று மாதம் பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் மகள் வீட்டில் இருந்தேன். சம்பந்தி பழைய சொல்தா. ஆகவே மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பேரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். நம் புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு உள்ள கதைதான், விளக்க வேண்டியதில்லை.

பேரனிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ரெனோ மெகான் ஆர்.எஸ். கார் ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்தபோது 250 குதிரைத்திறன், 340 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை. ஒரு குடும்பத்துக்கு அது போதாதா? போதவில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, சைலன்சர் குழாயை மாற்றி, 310 குதிரையும் 430 நியூட்டன் மீட்டரும் ஆக்கிவிட்டான்.

ஒரு நாள் சாயங்காலம் என்னை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டினான். நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் அலறியது, முள் மேலே பாய்ந்தது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை. கூடவே ஒரு கருகல் நாற்றம். "பத்தீன் ஆகுது தாத்தா" என்றான். பிரெஞ்சில் 'பத்தினே' என்றால் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுவது. கிளட்ச் பிடிப்பு விட்டு நழுவுவதற்கும் அதே சொல்தான். இது கம்பெனியின் குற்றமல்ல. 340-க்குச் செய்த கிளட்சில் 430-ஐ ஏற்றினால் அது சறுக்கத்தான் செய்யும்.

எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. அது எவ்வளவு தாங்கும் என்பது மூன்று விஷயத்தில் இருக்கிறது: அழுத்தம், உராய்வு, பிளேட்டின் அகலம். அகலத்தைக் கூட்ட உள்ளே இடம் கிடையாது. ஸ்பிரிங்கைக் கடுமையாக்கினால் பெடல் கனக்கும். உராய்வு அதிகமான பொருளைப் போட்டால் பிடிப்பு முரடாகும். இதில் குதிரைத்திறன் எங்கேயும் வரவில்லை பாருங்கள். கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கைத்தான். பையன்களோ குதிரைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று இடத்தில் விலை கேட்டு வைத்திருந்தான். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கொட்டேஷன் ஃபைல் பார்த்தவன் நான், சும்மா இருக்க முடியுமா? உடனே ஒரு கம்பாரடிவ் ஸ்டேட்மெண்ட் போட்டேன். முதலாவது, பழைய மாதிரியே புது செட். விலை குறைவு, ஆனால் சீக்கிரமே மறுபடி கருகும். ஆபீசாக இருந்தால் அதுதான் பாஸாகியிருக்கும்! இரண்டாவது, சாதாரண ஆர்கானிக் பிளேட், நடுவே அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங்குகள், கடுமையான பிரஷர் பிளேட், 520 வரை தாங்கும். மூன்றாவது, ஆறு உலோகத் துண்டுகள் பதித்த பந்தயப் பிளேட், நடுவில் ஸ்பிரிங் கிடையாது, 700-க்கு மேல். பேரனுக்கு மூன்றாவதன் மேல் மோகம். பந்தயத் திடலுக்குப் போகும் சிநேகிதன் அதைத்தான் போட்டிருக்கிறானாம்.

எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது. இன்றும் அதுதான் என் அபிப்பிராயம்.

பிரெஞ்சில் கிளட்சுக்கு இன்னொரு வியாதிச் சொல்லும் உண்டு, 'ப்ரூத்தே'. ஆடு மாடு புல் மேய்வது. வெடுக் வெடுக்கென்று புல்லைப் பிடுங்குமே, அதுபோல வண்டி கிளம்பும்போது உதறுவதற்குப் பெயர். உலோகப் பிளேட் மெதுவாக வழுக்கிப் பிடிக்காது, பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். திடலில் அது குணம், தெருவில் அது தண்டனை. பாரீசைச் சுற்றி 35 கிலோமீட்டர் வளையச் சாலை ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து அதில் 50-க்கு மேல் போகக்கூடாது. காலையில் 50 ஏது, பத்து அடி நகர்ந்து நிற்பார்கள், மறுபடி பத்து அடி. அந்த வண்டியைத்தான் வாரத்தில் இரண்டு நாள் என் மகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு எடுத்துப் போகிறாள். அவளுக்கு இடது முழங்கால் தேய்மானம். சிநேகிதனின் அம்மா அவனுடைய பந்தய வண்டியை ஓட்டுவதில்லை, இவனுடைய அம்மா ஓட்டுகிறாள். ஸ்டேட்மெண்டில் இந்தக் காலத்தை யாரும் போடவில்லை.

"பின்னாடி இன்னும் பவர் ஏத்துவேன் தாத்தா, அப்ப பத்தாதே" என்றான். "வரப்போற சம்பளக் கமிஷனை நம்பி இப்பவே கடன் வாங்காதடா" என்றேன். 430-க்கு மேல் இருபது சதவீதம் சேர்த்தால் 516. 520 தாராளம். இன்னொன்றும் சொன்னேன். கிளட்ச் கொஞ்சம் வழுக்குவதால்தான் முரட்டு மிதியிலிருந்து கியர்பாக்ஸ் தப்பிக்கிறது. எதற்கும் அசையாத கிளட்சைப் போட்டால் அடுத்துப் பலவீனமாக இருப்பது உடையும், கியர் பல்லோ, சக்கரத்துக்குப் போகும் தண்டோ. அதன் விலையைக் கேட்டு வரச் சொன்னேன். கேட்டு வந்தவன் அன்று ராத்திரி அதிகம் பேசவில்லை.

அந்தச் சிநேகிதனைக் குறை சொல்லவில்லை. திடலில் திரும்பத் திரும்பப் பாய்ச்சலாகக் கிளப்பினால் ஆர்கானிக் பிளேட் சூட்டில் பிடிப்பிழந்து கருகும். அவனுக்கு அது சரி.

செலவில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. எந்தக் கிளட்சானாலும் அதே கூலி. ஆகவே இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றி, ஃபிளைவீல் முகத்தையும் பார்த்துவிட வேண்டும். போட்ட பிறகு எண்ணூறு கிலோமீட்டராவது ஊருக்குள் சாதுவாக ஓட்டிப் பிளேட்டைப் பழக்க வேண்டும். இருபத்தாறு வயசுக்காரனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். அந்த நாட்டில் எஞ்சின் சக்தியைக் கூட்டினால் வண்டிக்குப் புதிதாக அனுமதி வாங்கி, பதிவுச் சான்றிதழில் ஏற்றி, இன்சூரன்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இவன் ஒன்றும் செய்யவில்லை. நாளைக்கு யார் மேலாவது இடித்தால் கம்பெனி கையை விரித்துவிடலாம், அப்போது தலையில் விழுவது வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் என் மகள் குடும்பம். கிளட்சுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கத் தெரிந்தவனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை.

கடைசியில் இரண்டாவதைத்தான் போட்டான். "பெடல் முன்னைவிட கொஞ்சம் கனம்தான்ப்பா, ஆனா உதறல" என்று மகள் போனில் சொன்னாள். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. வரைவை நானே பிரெஞ்சில் எழுதி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் பாக்கி.