24 மணி நேரம்: யாருக்கு விதித்த கெடு?

"ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், தானே வந்துவிடுவார்." காணாமற்போனவரைத் தேடித் தரும்படி காவல் நிலையத்தின் படியேறும் ஏழைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் மறுமொழி இது. 24 மணி நேரம் கழிந்த பின்னரே புகாரைப் பெறவேண்டும் என்று நம் நாட்டின் எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆயினும் ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளில் கூலிவேலை செய்வோர் முதல் படித்த ஆசிரியர் வரை, அதைச் சட்டமென்றே நம்புகின்றனர். இந்தப் பொய்யை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

நினைவு தடுமாறிய முதியவருக்கு ஒரு நாள் என்பது நீண்ட தொலைவு. தைப்பூசக் கூட்டத்தில் பழனியில் கைநழுவிய ஒருவர், கண்ணிற்பட்ட பேருந்தில் ஏறினால் மறுநாள் எந்த ஊரில் இருப்பாரோ! தம் பெயரையும் சொல்ல அறியார்.

கணவரைத் தேடிய மூதாட்டி ஒருவருடன் நாம் ஒரு முறை நிலையமொன்றில் நின்றோம். "வீட்டில் சண்டையா?" என்பதே முதற்கேள்வி. அவர் உடுத்தியிருந்த சட்டையின் நிறத்தை எவரும் கேட்கவில்லை. மகளைத் தேடி வரும் பெற்றோரிடமோ, "யாரோடு போனாள்?" என்பர். கேள்விகள் தவறல்ல; தேடுவதற்காக அன்றித் திருப்பி அனுப்புவதற்காகக் கேட்கப்படுவதே கொடுமை.

இதன் விலையை நாடு கண்டது. 2006 டிசம்பரில் நொய்டாவின் நிதாரியில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அக்குழந்தைகளைக் காணோமென்று முறையிட்ட ஏழைப் பெற்றோரைக் காவல்துறை பொருட்படுத்தவில்லை. 2023இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் மரண தண்டனைகளை நீக்கியபோது, புலனாய்வின் சீர்கேட்டைக் கடுமையாகச் சாடியது. இன்று அப்பெற்றோர்க்குப் பிள்ளையும் இல்லை, விடையும் இல்லை.

குழந்தை காணாமற்போனால் கடத்தல் என்றே கொண்டு முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும் என உச்சநீதிமன்றம் 2013 மே மாதம் ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் பதிவைக் கட்டாயமாக்கிய லலிதா குமாரி வழக்கும், காணாமற்போன சிறுமிக்காகத் தந்தை தொடுத்ததே.

முதியோரையும் மனநோயாளரையும் சட்டம் மறந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நினைவின் பெருங்குலைவும் இச்சட்டத்தில் மனநோயே. அத்தகையோர் தெருவில் அலையக் கண்டால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவது நிலைய அதிகாரியின் கடமை. பாதுகாப்பில் எடுத்தவரைச் சிறைக்கொட்டடியில் அடைக்கலாகாது. 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கவேண்டும். ஆக, 24 மணி நேரக் கெடு சட்டத்தில் உண்டு. ஆனால் அது காவலர்க்கு விதித்த கெடு. கண்ணீரோடு வரும் குடும்பத்திற்கு விதித்ததன்று!

ஆள் பற்றாக்குறை என்பர். காவலரின் பணிச்சுமையை நாம் அறியாதவரல்லர். எனினும் அமைச்சர் வரும் நாளில் சாலை நெடுகிலும் நிறுத்துவதற்குக் காவலர் எங்கிருந்தோ கிடைத்துவிடுகின்றனரே! தொலைத்த ஊரின் நிலையமும் கண்டெடுத்த ஊரின் நிலையமும் ஆளுக்கொரு தாள் எழுதி ஒப்பிட்டால் பாதித் தேடல் முடிந்தது. அதற்குப் படை தேவையில்லை.

அதைச் செய்யாததால், ஆட்கொணர்வு மனுவோடு மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்திற்குப் போகிறார்கள் நம் மக்கள். நீதிபதி கேட்ட பிறகே தேடல் தொடங்குமாயின், வழக்கறிஞருக்குக் கொடுக்கவும் மதுரைக்குப் பேருந்து ஏறவும் கூலியை இழக்க முடியாதவளின் கணவரை யார் தேடுவார்?