தண்ணீர் மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் செடி வளர்ப்போர் பலர் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகின்றனர். இலைகளைத் துடைக்க மட்டும் மறந்துவிடுகின்றனர். வெட்டவெளியில் நிற்கும் செடியை மழை கழுவிவிடும். தாழ்வாரத்திலும் வரவேற்பறையிலும் இருக்கும் செடிக்கு அந்த வாய்ப்பு ஏது? புகைமூட்டக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம்.

ஒளியைக் கொண்டுதான் செடி தன் உணவைத் தயாரிக்கிறது. வீட்டுக்குள் வெளிச்சமே குறைவு. அதிலும் ஒரு பகுதியைத் தூசி தடுத்துவிடுகிறது. செடி வாடினால் உடனே தண்ணீரைக் கூட்டுவது சரியன்று. வேர் அழுகுவதுதான் மிச்சம்.

பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் வீண்வேலையே. அந்தப் பசையில் தூசி மேலும் ஒட்டும். ரப்பர் செடி, மணி பிளாண்ட் போன்றவற்றின் வழவழப்பான இலைகளுக்கு ஈரத்துணி போதும். இலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, காம்பிலிருந்து நுனிவரை மெதுவாகத் துடைக்க வேண்டும். அடிப்பக்கத்தையும் விடக்கூடாது, மாவுப்பூச்சிகள் அங்கேயும் ஒளிந்திருக்கும். ஆப்பிரிக்க வயலட் போன்ற மென்மயிர் நிறைந்த இலைகளுக்கு மட்டும் ஈரம் ஆகாது. அவற்றை மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம்.

செடியை நீர் தெளித்துக் கழுவுவோர், தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு பெருகுவதற்கு அந்தச் சிறிதளவு நீரே தாராளம்.